நான்கு எழுத்தும் ஒரே உதடும்

அக்கா,

இன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பாறசாலை முக்கில் பசை மணம் அடித்தது. மாடு நக்காமல் இருக்க மைதாவில் துரிசு கலந்து காய்ச்சுவார்களே, அந்தக் கசந்த மணம். போஸ்டர் ஒட்டுகிறவர் ஏணியில் நின்று உங்கள் முகத்தின்மேல் புதுப் படத்தை ஒட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் இறந்துபோனபிறகு நெய்யாற்றின்கரைக் கொட்டகையில் உங்கள் படத்தை ஒரு வாரம் திரும்பப் போட்டார்கள். வாரம் முடிந்துவிட்டது. புதுத்தாள் அளவில் கொஞ்சம் சிறியது. அதனால் உங்கள் வலதுகை மட்டும் ஓரத்தில் மிஞ்சி நின்றது.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். தோளில் பசை சொட்டியபிறகுதான் நிமிர்ந்தேன்.

"எத்தற தடவ சொல்லியது மக்கா, தள்ளி நில்லுன்னு? காது கேக்காதா?"

"கேக்கும்" என்றேன்.

கேட்காது அக்கா. வலது காதில் ஒன்றும் கேட்பதில்லை. இடது காதிலும் போன மழைக்காலத்திலிருந்து குறைந்து வருகிறது. இதை இப்போதுதான் முதல்முறையாக எழுத்தில் வைக்கிறேன். வைத்ததும் திரும்பிக் கதவைப் பார்த்தேன். அம்மா பக்கத்து அறையில் தூங்குகிறாள். விளக்குத் திரியை இறக்கி வைத்து, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். தாளைப் புரட்டினால் எவ்வளவு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. அதுதான் பயம்.

நாளைக் காலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தலைமை ஆசிரியையின் அறைக்குப் போகவேண்டும். திங்கட்கிழமை மலையாளம் சார் இருபது சொற்கள் சொல்லி எழுதச் சொன்னார். பக்கத்தில் இருந்தவளுடைய நோட்டைப் பார்த்தேன். சார் பார்த்துவிட்டார். "கள்ளி" என்று வகுப்பு முன்னால் என் நோட்டைத் தூக்கிக் காட்டினார். இனி அரையாண்டுப் பரீட்சை எழுத விடுவார்களா என்று தெரியவில்லை. ஏன் பார்த்தேன் என்று சொன்னால் கள்ளி என்ற பெயர் போய்விடும். அதற்குப் பதில் இன்னொரு பெயர் வரும். அது உங்களுக்கு இந்த ஊர் வைத்த பெயர். எந்தப் பெயரோடு நாளை வீடு திரும்புவது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் "ஹெட்மிஸ்ட்ரஸ் உங்களப் பாக்கணும்னு சொன்னாவ" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். ஏதோ பரிசு தரப்போகிறார்கள் என்று நினைத்து, அப்பா கல்ஃபிலிருந்து அனுப்பிய சேலையை எடுத்து மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறாள்.

உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கவேண்டும்.

உங்களை நான் முதலில் பார்த்ததே ஒரு தவறால்தான். இந்த எல்லைக் கிராமங்களைத் தவிர வேறெங்கும் அப்படி ஒரு தவறு நடக்காது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா ஷார்ஜாவுக்குப் போய் ஒன்றரை வருடம். கூட வேலை செய்கிற ஒருவர் ஊருக்கு வருகிறார், அவர் கையில் பெட்டி கொடுத்துவிட்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தார். அம்மாவும் சித்தப்பாவும் தினமும் பஸ் நிற்கிற முக்கையே பார்த்திருந்தார்கள். ஒருநாள் உச்சிவெயிலில் டீக்கடை மாமா சைக்கிளில் வந்து காலூன்றி நின்று கூவினார்.

"ஓடி வாருங்கோ! முக்குல பொட்டி வந்து எறங்கியிருக்கு!"

தமிழில் பேசினால் இங்கே பொட்டி என்பது பெட்டி. மலையாளத்தில் பேசினால் பொட்டி என்பது காது கேளாதவள். புத்தி கெட்டவளுக்கும் அதே சொல்தான். டீக்கடை மாமா ஒரு வாக்கியத்தை எந்த மொழியில் தொடங்கி எதில் முடிப்பார் என்று அவருக்கே தெரியாது. அம்மா அடுப்பை எரியவிட்டு ஓடினாள். சித்தப்பா தலையில் சும்மாடு சுற்றிக்கொண்டே ஓடினார். பெட்டி திறந்தால் ஒரு சோப்பாவது கிடைக்குமென்று அக்கம்பக்கத்தாரும் ஓடினார்கள். நான் எல்லோருக்கும் முன்னால்.

முக்கில் நீலக்குடையோடு நீங்கள் நின்றிருந்தீர்கள். காலடியில் ஒரு துணிப்பை. இருபது பேர் உங்களை நோக்கி ஓடிவருவதைப் பார்த்ததும் உங்கள் முகம் மலர்ந்துவிட்டது. மெட்ராஸிலிருந்து வந்த சினிமாக்காரியை வரவேற்க ஊரே திரண்டு வருகிறது என்று நினைத்துவிட்டீர்கள். குடையைக் கீழே வைத்து, இரண்டு கையையும் கூப்பி, ஒவ்வொருவரையும் பார்த்துத் தலை தாழ்த்தினீர்கள்.

"பொட்டி எங்கலே?" என்றார் சித்தப்பா.

"தோ நிக்கியாளே, ஒனக்குக் கண்ணும் போச்சா? குடிகிடப்புக் கேஸு ஜெயிச்ச பொட்டி. இப்பம் சினிமாக்காரியாக்கும்!"

சித்தப்பா சும்மாட்டைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவளும் கைகூப்பினாள். நான் உங்கள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தேன். ஓடி வந்ததற்கு ஏதாவது ஒரு பையைத் தூக்கியாகவேண்டும் என்று தோன்றியது.

ஒரு மாதம் கழித்து, அன்று உண்மையில் என்ன நடந்தது என்று உங்கள் ஸ்லேட்டில் எழுதிக் காட்டினேன். கோபப்படுவீர்கள் என்று பயந்தேன். நீங்கள் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அதை நடித்துக் காட்டுவீர்கள்: சும்மாட்டோடு ஓடும் சித்தப்பா, கூப்பிய கையோடு நீங்கள். ஒருநாள் சிரித்து முடித்தபின் ஸ்லேட்டில் ஒரு வரி எழுதினீர்கள். "பெட்டி என்று நினைக்காமல் இருந்திருந்தால் எத்தனை பேர் ஓடி வந்திருப்பார்கள்?" உங்கள் தமிழ் பாடப்புத்தகத் தமிழ். பேச்சுத் தமிழ் உங்களிடம் வந்து சேர்ந்ததே இல்லை. நான் ஸ்லேட்டை அழித்துவிட்டேன்.

உங்கள் வீடு நிற்கிற பத்து சென்ட் எப்படி வந்ததென்று நீங்கள்தான் எனக்கு நடித்துக் காட்டினீர்கள். அன்று சாட்சிக்குப் போயிருந்த டீக்கடை மாமாவிடம் கேட்டுப் பேச்சுப் பகுதியை நிரப்பிக்கொண்டேன். பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்கிறவர்களுக்கு அந்த இடம் சொந்தமாகும் என்று குடிகிடப்புச் சட்டம் வந்த காலம். உங்கள் அம்மா அந்தச் சட்டத்துக்காக ஜாதா ஊர்வலமெல்லாம் போனவர். அது வந்த பிறகு ஒரு காய்ச்சலில் போய்விட்டார். தமிழ்நாட்டுக் காது கேளாதோர் விடுதிப் பள்ளியிலிருந்து படிப்பை நிறுத்தித் திரும்பியிருந்த உங்களுக்கு அப்போது பதினேழு வயது. "இவுங்க இங்க வந்து ரெண்டு வருசம்கூட ஆவல்ல சாரே" என்று நிலத்துக்காரரின் காரியஸ்தர் சொல்லியிருந்தார். எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று விசாரணை அதிகாரி உங்களைக் கேட்டார். நீங்கள் தமிழில் எழுதிக் காட்டினீர்கள். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

அப்போதுதான் ஸ்லேட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தீர்கள். இடுப்பில் பிள்ளையோடு உங்கள் அம்மா முற்றம் பெருக்குவதைக் காட்டினீர்கள். அந்தப் பிள்ளை நீங்கள். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, நெஞ்சை நிமிர்த்தி, கறுத்த மீசையை முறுக்கி, மூக்கில் ஒரு சிமிட்டா பொடியை ஏற்றித் தும்மிக்கொண்டு வந்து, கூலியில்லாமல் தேங்காய் பொறுக்கச் சொல்லி அம்மாவை விரட்டுகிற ஆளைக் காட்டினீர்கள். அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நடை அப்படியே காரியஸ்தருடையது. மீசை மட்டும்தான் அவருக்கு இப்போது வெளுத்திருந்தது. அவர் துள்ளி எழுந்தார்.

"கள்ளம் சாரே! அந்தக் காலத்துல நான் பொடி போட்டதே இல்ல!"

அதிகாரி பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு கேட்டாராம்: "ஏதுக் காலத்துல?"

பத்து சென்ட் உங்களுடையதாயிற்று. ஆனால் நிலப் பட்டயம் எழுதிய குமாஸ்தா பெயர் கேட்டபோது கூட்டத்தில் நாலுபேர் ஒன்றாகச் சொன்னது "பொட்டி". அவரும் அப்படியே எழுதிவிட்டார்.

அன்று அந்த அறையில் இருந்த ஒரு வாசகசாலை நாடகக்காரர்தான் உங்களை மேடைக்குக் கூட்டிப்போனார். மேடையிலிருந்து சினிமா. முதலில் பேய், பிறகு பைத்தியம், பிறகு தட்டைக் கீழே போட்டு உடைக்கிற வேலைக்காரி. வசனம் உள்ள வேடம் கிடைத்தபோது எல்லோரும் பயந்தார்கள்; நீங்கள் பயப்படவில்லை. எப்படியும் வேறொரு பெண்தான் பின்னால் குரல் கொடுப்பாள். உதடு சரியாக அசைந்தால் போதும். அதற்குத்தான் நான் வந்தேன்.

சனிக்கிழமைதோறும் நம் வேலை அதுதான். மெட்ராஸிலிருந்து மலையாளத்தில் வசனத்தாள் வரும். உங்களுக்கு மலையாள எழுத்து தெரியாது. அதை அப்படியே தமிழ் எழுத்தில் நான் எழுதித் தருவேன். நீட்டிப் பேசவேண்டிய இடத்தில் கோடு, நிறுத்தவேண்டிய இடத்தில் புள்ளி. நீங்கள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து உதட்டை அசைப்பீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதே வரியைச் சொல்வேன். கண்ணாடிக்குள் இரண்டு வாயும் ஒன்றாக அசையும்வரை விடமாட்டீர்கள். ஒருநாள் ஒரு வரிக்கு அறுபது தடவை. எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "நீ வாயை அசை, சத்தம் வேண்டாம். யாருக்கு அது?" என்று எழுதினீர்கள்.

எனக்கு அப்போது ஒரு சந்தேகம். மலையாளத்தில் 'ப' நாலு விதம், நாலு எழுத்து. தமிழில் ஒன்றே ஒன்று. நான் ஒன்றையே எழுதித் தருகிறேனே, உங்களுக்கு எப்படி வித்தியாசம் தெரியும் என்று கேட்டேன். நீங்கள் என் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, நாலையும் சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன். உதடு நாலு தடவையும் ஒரே மாதிரி மூடித் திறந்தது. ஸ்லேட்டில் எழுதினீர்கள்: "தமிழ் எழுத்தைக் கண்டுபிடித்தவர் என்னைப் போல ஒருவராக இருந்திருப்பார். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதியிருக்கிறார்."

அந்த நகைச்சுவையில் நான்தான் இப்போது மாட்டிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை சாரின் உதட்டில் 'பாகம்' என்று தெரிந்தது. பங்கு என்று பொருள் தரும் பாகமா, பக்குவம் என்று பொருள் தரும் பாகமா? தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிட்டுப் போகலாம். மலையாளத்தில் முதல் எழுத்தே வேறு. காதில் ஒன்றும் விழவில்லை. அதனால்தான் பக்கத்து நோட்டைப் பார்த்தேன்.

உங்களைக் கொண்டாடுகிறவர்கள் ஒரு படத்தை மட்டும் சொல்வார்கள். கதாநாயகி காது கேளாதவள்; நாயகியாக நீங்கள். கடைசிக் காட்சியில் பிள்ளை கிணற்றில் விழப்போகும்போது அதிர்ச்சியில் அவளுக்குப் பேச்சு வந்து "மகனே" என்று கூவவேண்டும். அந்தத் தாள் வந்த சனிக்கிழமை நான் கூட இருந்தேன். வாசித்ததும் மடித்துவிட்டீர்கள். டைரக்டருக்கு நீங்கள் எழுதிய பதிலை மலையாளத்தில் ஆக்கித் தந்தது நான். அதனால் அது எனக்கு மனப்பாடம். "நான் கொட்டகையில் பேசினால், அதைப் பார்க்கிற காது கேளாத பிள்ளைகளுக்கு வீட்டில் அடி விழும். அவளுக்கு வந்ததே, உனக்கு ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். எனக்கு அப்படி அடி விழுந்திருக்கிறது. இந்தக் காட்சியில் நடிக்க மாட்டேன்."

படத்திலிருந்து உங்களை எடுத்துவிடுவார்கள் என்றார்கள். நீங்கள் ஒரு மாதம் காத்திருந்தீர்கள். அந்த மாதம் முழுவதும் கப்பைக்கிழங்கும் கருவாடும்தான். எனக்கும் அதில் பாதி. கடைசியில் டைரக்டர் இறங்கி வந்தார். காட்சி மாறியது. நீங்கள் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கி, கிணற்றுச் சுவரில் உட்காரவைத்து, உங்கள் கைகளால் அவனோடு பேசுகிறீர்கள். அந்த நேரம் முழுக்கப் படத்தில் சத்தமே இல்லை. இசையும் இல்லை.

நெய்யாற்றின்கரையில் முதல்நாள் நான் பெஞ்சு டிக்கெட்டில் இருந்தேன். அந்த இடம் வந்ததும் கொட்டகை எழுந்துவிட்டது.

"எலே, சவுண்டு போச்சுலே!"

"ஆப்பரேட்டரே, ஒறங்கியாச்சா?"

"காசத் திருப்பித் தா!"

ஆப்பரேட்டர் பயந்து பெட்டியைத் தட்டிப் பார்த்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். முன்வரிசையில் உங்கள் அழைப்பில் வந்திருந்த காது கேளாத பிள்ளைகள் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. உங்கள் கை என்ன சொல்கிறதென்று அந்தக் கொட்டகையில் அவர்களுக்கு மட்டும்தான் தெரிந்தது. அவர்கள் கைகளை உயர்த்தி அசைத்தார்கள். நீங்கள் பக்கத்தில் நின்று கூட்டத்தைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு உங்களுக்கு மூன்று படங்கள் கைவிட்டுப் போயின. பிடிவாதக்காரி என்று பெயர். அதைப்பற்றி நீங்கள் எழுதியது ஒரே வரி: "இந்தப் பெயர் நான் சம்பாதித்தது."

ஒருதடவை மட்டும் கேட்டீர்கள்: "படத்தில் எனக்குக் கொடுக்கும் குரல் எப்படி இருக்கிறது?" மெல்லியதாக, அழுகிற மாதிரி இருக்கும் என்று எழுதினேன். "நான் அழுகிற ஆள் இல்லையே" என்று எழுதி, அடுத்த படத்துக்கு வேறு குரல் தேடச் சொல்லிக் கடிதம் போட்டீர்கள்.

தாலுக்கா ஆபீஸுக்கு நாம் போன நாளை நான் மறக்கமாட்டேன். பட்டயத்தில் இருந்த அந்தப் பெயர் ரேஷன் கார்டிலும் ஏறியிருந்தது. நீங்கள் தனியாகப் போகவில்லை. குன்னத்துகால், காஞ்சிரங்குளம், அம்பூரி மலைப்பக்கம் என்று எங்கெல்லாமோ போய்க் காது கேளாதவர்கள் எட்டுப்பேரைத் தேடிக் கூட்டிவந்தீர்கள். உங்களோடு ஒன்பது. எல்லோருடைய கார்டையும் மேசையில் வரிசையாக வைத்தீர்கள். ஐந்து பொட்டன், நாலு பொட்டி. கார்டில் ஒருவருக்கும் வேறு பெயரே இல்லை.

குமாஸ்தா சிரித்தார். "இதுல என்ன தெற்று, என்ன தப்பு? எல்லாரும் அப்படித்தானே விளிக்கியது?"

நான் அதைத் தமிழில் எழுதிக் காட்டினேன். நீங்கள் ஸ்லேட்டில் எழுதினீர்கள், நான் உரக்க வாசித்தேன்: "அப்படியென்றால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்."

அவர் விளையாட்டாகவே கூப்பிட்டார். "பொட்டா!"

ஒன்பது பேரும் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் திரும்பவில்லை. ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். குமாஸ்தா இன்னும் உரக்கக் கூப்பிட்டார். "பொட்டீ!" நீங்களும் திரும்பவில்லை. சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. உள்ளேயிருந்து தாசில்தார் எழுந்து வந்தார். நீங்கள் ஸ்லேட்டை அவரிடம் நீட்டினீர்கள். நான் வாசித்தேன். "கூப்பிட்டால் திரும்பவேண்டும். திரும்ப முடியாதது எப்படிப் பெயராகும்?"

பெயர் மாற்ற மனு கொடுக்கச் சொன்னார் தாசில்தார். மனு எழுத ஒவ்வொருவருக்கும் பெயர் வேண்டும். மதியம்வரை அந்த வராந்தாவில் பெயர் தேர்ந்தெடுத்தோம். அம்பூரியிலிருந்து வந்த ரப்பர் வெட்டுகிற அண்ணன் தன் பெயரை முடிவு செய்ய ஒருமணிநேரம் எடுத்துக்கொண்டார். யாரும் அவரை அவசரப்படுத்தக்கூடாது என்று நீங்கள் விரலைக் காட்டினீர்கள்.

அன்றுதான் எனக்கும் ஒரு பெயர் வைத்தீர்கள். கையால் சொல்லும் பெயர். உள்ளங்கையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து லேசாகச் சரித்தீர்கள். எட்டுப்பேரும் உடனே தலையாட்டினார்கள். தூங்குமூஞ்சி என்று சொல்கிறீர்கள் என நினைத்து நானும் சிரித்தேன்.

போன கார்த்திகையில்தான் அது என்னவென்று புரிந்தது. பள்ளியில் ஜன்னல் கண்ணாடியில் என்னையே பார்த்தேன். தோழி பேசிக்கொண்டிருந்தாள், நான் தலையைச் சரித்து இடது காதை அவள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தேன். அதே கோணம். இரண்டு வருடத்துக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த எட்டுப்பேருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை நீங்களே கேட்டீர்கள். ஸ்லேட்டில் இல்லை, அழிக்கமுடியாதபடி காகிதத்தில். "உனக்கும்தானே?" அதற்குக் கீழே, "மறைப்பதற்குத்தான் அதிகமான காது வேண்டும். நீ களைத்துப் போவாய்."

அந்தக் காகிதத்தை நான் கிழித்தேன். உங்கள் கண் முன்னால், நாலாக, எட்டாக. எழுந்து வந்துவிட்டேன். உங்களைப் பார்க்கவந்தால் நானும் உங்களைப் போலாகிவிடுவேன் என்று, எதற்காக உங்களை மதித்தேனோ அதற்காகவே பயந்தேன். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நான் வரவில்லை. உங்களுக்கு மஞ்சள்காமாலை என்றார்கள். திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றார்கள். பஸ் ஏறினால் போயிருக்கலாம். போகவில்லை. இதை யாரிடமும் சொல்லமுடியாததால் உங்களிடம் சொல்கிறேன்.

விடியப்போகிறது. எண்ணெயும் தீர்ந்துவிட்டது.

அக்கா, நேற்று அதோடு நிறுத்தினேன். இது மறுநாள் எழுதுவது.

காலையில் வழிநெடுக அம்மாவிடம் சொல்லிவிட வாயெடுத்தேன். அவள் புதுச்சேலையில் சேறு படாமல் நடந்துகொண்டிருந்தாள். சொல்லமுடியவில்லை.

தலைமை ஆசிரியை நல்லவர். அதுதான் கஷ்டமாகப் போயிற்று. என் நோட்டை அம்மாவுக்குக் காட்டி, "பாத்து எழுதியிருக்குது. இனி செய்யமாட்டேன்னு ஒரு வரி எழுதி ஒப்பிட்டாப் போதும். பரீட்ச எழுதட்டு" என்றார். பேனாவையும் நீட்டினார். எவ்வளவு எளிது பாருங்கள். ஒரு கையெழுத்து. கள்ளி என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால் வேறு யாருக்கும் ஒன்றும் தெரியாது. அம்மா என் முதுகில் கைவைத்து, "எழுது பிள்ளே" என்று தள்ளினாள்.

பேனாவை வாங்கினேன். சொல்ல வராதது எழுத வந்தது. மலையாளத்தில் எழுதினேன். "நான் பார்த்து எழுதியது உண்மை. எனக்கு வலது காது கேட்காது. இடது காதும் குறைகிறது. சாரின் உதட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். உதட்டில் நான்கு எழுத்தும் ஒன்றுபோல இருக்கின்றன."

அம்மாவுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. தலைமை ஆசிரியை அதை உரக்க வாசித்தார். அம்மா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய வாய்க்குள் ஏதோ சொன்னாள், துணி அசைந்தது. "என்னம்மா?" என்றேன். அவள் திரும்பச் சொல்லவில்லை. அது என்ன வார்த்தை என்று எனக்கு இன்னும் தெரியாது.

அறையில் கூடவே இருந்த மலையாளம் சார் என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "அப்பம் இத்தற நாளும் எப்படி எழுதின?"

"பாதி ஊகிச்சு சார்."

"இனி என்ன செய்யியது?"

அதை என்னிடமே கேட்டார். யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. யோசிக்காமலே சொன்னேன். "என் முன்னால நின்னு சொல்லுங்க சார். சொல்லும்போது வெரலும் காட்டுங்க. வரிசையில முதல் எழுத்துன்னா ஒரு வெரல். ரெண்டாவதுன்னா ரெண்டு. நாலாவதுன்னா நாலு."

"இதென்ன களியா, வெளையாட்டா? நான் என்ன கதகளிக்காரனா?"

"செஞ்சு பாருங்க சார்" என்றார் தலைமை ஆசிரியை. "வெரலுக்கு ஒண்ணும் வராது."

சார் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வெட்கம் அவருக்கு. தாடைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு அதே இருபது சொற்களைச் சொன்னார். முதலில் விரல் தடுமாறியது. பாதிக்குமேல் அவருக்கே பழகிவிட்டது. 'பாகம்' வந்தபோது நாலு விரல். பங்கு. நான் தலை நிமிர்ந்து எழுதினேன்.

வரும் வழியில் அம்மா சேறு பார்க்காமலே நடந்தாள். வீட்டுப்படி ஏறும்போதுதான் சொன்னாள். "அப்பாவுக்கு இப்பம் எழுதண்டாம். நான் சொல்லியது வர எழுதண்டாம், கேட்டியா?" சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். கேட்டது என்றேன். நாளைக்குள் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். டீக்கடைக்கும் வந்துவிடும். அந்தப் பெயரும் வரலாம். பயம் போகவில்லை அக்கா. நீங்கள் பயந்ததே இல்லை என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். நிலத்து விசாரணையில் ஸ்லேட்டைக் கீழே வைத்தபோது உங்களுக்கும் இப்படித்தான் பயமாக இருந்திருக்கும் என்று இன்றுதான் தோன்றுகிறது.

சார் திருத்திய தாள் என் முன்னால் இருக்கிறது. இருபதில் பதினேழு சரி. தப்பான மூன்றிலும் அவர் விரலைச் சரியாகத்தான் காட்டினார். எனக்குத்தான் அந்தச் சொற்கள் தெரியவில்லை, படிக்கவில்லை. காதால் வந்த தப்பு எது, படிக்காததால் வந்த தப்பு எது என்று இவ்வளவு நாளும் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தது. இப்போது தனித்தனியாகத் தெரிகிறது. இந்த மூன்றையும் பத்துப்பத்துத் தடவை எழுதிவரச் சொல்லியிருக்கிறார். மற்ற பிள்ளைகளுக்குச் சொல்வதைப் போலவே.

எழுதப்போகிறேன்.